மழை எங்கோ, இருட்டு இங்கே: தென்னாப்பிரிக்காவில் வானிலையை வைத்து மின்செலவைத் திட்டமிட ஒரு வழிகாட்டி

2019 மார்ச் 16, சனிக்கிழமை. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் குளிர்பதன அறை வைத்து மீன் வியாபாரம் பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் எனக்குப் போன் செய்தார். "தம்பி, வானம் பளிச்சுன்னு கிடக்கு. காத்துகூட பெருசா இல்ல. கரண்டு மட்டும் ஏன் போவுது?"

நியாயமான கேள்விதான். அன்றைக்கு நாடு முழுக்க ஸ்டேஜ் 4 லோட் ஷெடிங், அதாவது பற்றாக்குறைக்காக முறைபோட்டுச் செய்யும் மின்வெட்டு; ஸ்டேஜ் எண் ஏற ஏற வெட்டும் கூடும். காரணத்தின் ஒரு பாதி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, மொசாம்பிக்கின் பெய்ரா நகரத்தில் இருந்தது. இரண்டு நாளுக்கு முன்னால் இடாய் புயல் அங்கே கரையேறி, கஹோரா பாசா அணையிலிருந்து நமக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பிப் பாதையைச் சாய்த்துவிட்டது. சுமார் ஆயிரம் மெகாவாட் ஒரே அடியில் போனது. ஏற்கனவே பழுதில் கிடந்த நிலக்கரி நிலையங்களோடு இதுவும் சேர்ந்ததும் அரசு மின் நிறுவனமான எஸ்காமுக்கு வேறு வழியில்லை. அண்ணாச்சிக்குப் போனது இரண்டு பெட்டி வஞ்சிரம்.

அன்று போனில் நான் சொன்ன பதிலை இத்தனை வருடமாகப் பலருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு தொழிற்சாலையில் மின்செலவுக் கணக்குப் பார்ப்பது என் வேலை, அதனால் கேட்கிறார்கள். கடை, மில், கல்யாண மண்டபம், குளிர்பதன அறை என்று வைத்திருப்பவர்களுக்கு இது நேரடியாக உதவும். வீட்டு பில் மட்டும் கட்டுபவர்கள் 6ஆம் படியைத் தாண்டிப் போகலாம். உங்கள் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்து மின்சாரத்தைக் கணிக்க முடியாது என்பதுதான் முழுக்கதையும். மின்சாரம் எந்த ஊரிலிருந்து வருகிறதோ, அந்த ஊர் வானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

படி 1: உங்கள் மின்சாரத்துக்கு ஒரு ஊர்ப்படம் போடுங்கள்

ஒரு தாளை எடுத்து, நடுவில் உங்கள் கடையைக் குறித்துக்கொள்ளுங்கள். டர்பனில் இருந்தால் வடமேற்கே ம்புமலங்கா மாகாணத்தில் ஒரு பெரிய வட்டம். இந்த நாட்டு மின்சாரத்தில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு நிலக்கரியில்தான் பிறக்கிறது. நிலையங்களில் பெரும்பாலானவை அந்த வட்டாரத்தில்தான் கூட்டமாக நிற்கின்றன. அங்கே விட்பேங்க் என்ற ஊருக்கு இப்போது எமலாஹ்லேனி என்று பெயர். அதற்குப் பொருளே 'நிலக்கரி உள்ள இடம்'. இன்னும் வடக்கே, லிம்போபோவில் மாடிம்பா, மெடுபி என்று இரண்டு பெரிய நிலையங்கள். மாடிம்பா என்றால் சோங்கா மொழியில் வலிமை. அந்த வலிமையும் வெயிலில் தளரும் என்பதைக் கீழே பார்ப்போம்.

கேப் டவுன் பக்கம் கூபெர்க் அணுமின் நிலையம். கடல் நீரால் குளிர்வதால் வறட்சி அதை ஒன்றும் செய்வதில்லை. கேப் மாகாணங்களில் காற்றாலைகளும் சூரியப் பண்ணைகளும். டிராகன்ஸ்பெர்க் மலையில் நீரேற்று நிலையங்கள்: மலிவான நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். 1,332 மெகாவாட் இங்குலா அவற்றில் பெரியது.

அப்புறம் தாளின் மேல் ஓரத்தில் ஜாம்பேசி ஆற்றை ஒரு கோடாக வரையுங்கள். அதில் இரண்டு புள்ளிகள். மேலே ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லையில் கரிபா. கீழே மொசாம்பிக்கில் கஹோரா பாசா. கஹோரா பாசாவிலிருந்து ஜோகனஸ்பர்க் அருகே உள்ள அப்பல்லோ துணைமின் நிலையம் வரை சுமார் 1,400 கிலோமீட்டருக்கு நேர்மின்னோட்டக் கம்பி வருகிறது. காட்டுக்குள்ளே இவ்வளவு நீளக் கம்பி என்றால் எத்தனை கோபுரம், எத்தனை வெள்ளம், எத்தனை புயல் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அட்லாண்டிஸ், மோசல் பே என்ற இரண்டு கடலோர ஊர்கள். அங்கே இருக்கும் அன்கெர்லிக், கௌரிக்வா டர்பைன்கள் டீசலைக் குடித்து ஓடுபவை. இரண்டும் சேர்ந்து இரண்டாயிரம் மெகாவாட் தரும். மற்ற எல்லாம் கைவிட்ட பிறகு தொடவேண்டிய கடைசிப் பெட்டி இவை. அதிகம் ஓடின என்றால் யாரோ பெரிய பில் கட்டப்போகிறார்கள் என்று அர்த்தம்.

படி 2: எந்த வானிலை எங்கே அடிக்கும்

முதலில் மழை. இந்தியாவிலிருந்து புதிதாக வந்தவர்கள், மழை பெய்தால் அணை நிறையும், கரண்ட் கூடும் என்றே நினைப்பார்கள். நாமெல்லாம் மேட்டூர் நீர்மட்டத்தைச் செய்தியில் கேட்டு வளர்ந்தவர்கள் இல்லையா. இங்கே கதை தலைகீழ். இங்கே மழை கொண்டுவரும் பெரிய எதிரி ஈர நிலக்கரி.

நிலக்கரி அப்படியே கட்டியாக உலைக்குள் போவதில்லை. கன்வேயர் பட்டையில் ஏறி வந்து, அரைக்கும் மில்லில் முகப்பவுடர் மாதிரி நைசாகி, சூடான காற்றோடு உலைக்குள் ஊதப்படும். ஈர அரிசியை மாவு மில்லில் போட்டுப் பார்த்தவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம். மாவு கல்லில் அப்பும், சல்லடையில் இறங்காது, மில்காரர் நம்மைத் திட்டுவார். நிலையத்திலும் அதேதான். களிமண்ணோடு நனைந்த கரி பட்டையில் ஒட்டும், சரிவுக் குழாயில் அடைக்கும். உலைக்குள் போனாலும் முதலில் ஈரத்தை உலர்த்தவே வெப்பம் செலவாகும். மின்சாரத்துக்குக் கிடைப்பது மிச்சம். திறந்தவெளிச் சுரங்கத்தில் தண்ணீர் நின்றால் கரி தோண்டுவதே நின்றுபோகும்.

2008 ஜனவரியில் நாடு முதன்முறையாகப் பெரிய அளவில் இருண்டபோது ஈர நிலக்கரியும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. தங்கச் சுரங்கங்களே சில நாள் வேலையை நிறுத்தின. 2019 டிசம்பர் 9, திங்கட்கிழமை, வரலாற்றில் முதல் தடவையாக ஸ்டேஜ் 6 அறிவிப்பு. பல நாள் கனமழையில் நிலையங்கள் நனைந்து கிடக்க, மெடுபியில் நிலக்கரி கொண்டுபோகும் பட்டையும் கோளாறாகி நின்றது. கிறிஸ்துமஸ் சரக்கு இறக்கிவைத்திருந்த கடைக்காரர்கள் அந்த வாரத்தை இன்னும் மறக்கவில்லை.

அடுத்தது வெயில். ஈரக் குளிர்விப்பு முறையில் ஓடும் நிலக்கரி நிலையம் ஒரு யூனிட்டுக்குச் சுமார் இரண்டு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கிவிடும். தண்ணீர்ப் பஞ்ச நாட்டில் இது கட்டுப்படியாகாது என்று மாடிம்பா, மெடுபி, குசிலே போன்றவற்றில் உலர் குளிர்விப்பு வைத்தார்கள். காரின் ரேடியேட்டர் மாதிரி, ராட்சத விசிறிகள் காற்றை ஊதி நீராவியைக் குளிர்விக்கும். தண்ணீர்ச் செலவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது, உண்மை. ஆனால் ஊதும் காற்றே 38 டிகிரி என்றால் எதைக் குளிர்விக்கும்? வெப்பமான பிற்பகல்களில் உற்பத்தி குறையும். திசை மாறி அடிக்கும் காற்றுகூட மாடிம்பாவைச் சில நேரம் தள்ளாட வைத்திருக்கிறது. வறட்சிக்குத் தப்ப எடுத்த மருந்து வெயிலில் பக்கவிளைவு காட்டுகிறது. இருந்தாலும் அந்த முடிவு சரிதான் என்பது என் கருத்து. தண்ணீர் இல்லாவிட்டால் நிலையமே இல்லை.

வறட்சி மெதுவாக வரும், ஆழமாக வெட்டும். பசிபிக் கடல் சூடாகி உலகின் மழையையே புரட்டிப்போடும் எல் நினோ 2023-24இல் வந்தபோது ஜாம்பேசிப் படுகை காய்ந்தது. 2024 பிப்ரவரி 29 அன்று ஜாம்பியா அதைத் தேசியப் பேரிடராக அறிவித்தது. கரிபாவில் மின்சாரம் எடுக்கக்கூடிய நீர் அந்த ஆண்டின் கடைசியில் பத்து சதவீதத்துக்கும் கீழே போனது. எண்பது சதவீதத்துக்கு மேல் நீர்மின்சாரத்தையே நம்பிய நாடு, ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை இருட்டில் இருந்தது. நமக்கென்ன என்று கேட்டால், அந்த நாட்டுச் செப்புச் சுரங்கங்கள் மின்சாரம் தேடி நாம் வாங்கும் அதே சந்தைக்குத்தான் வரும். அது அடுத்த படியில்.

குளிர் என்பது உற்பத்தியைவிடத் தேவையைத் தாக்குவது. ஜூலையில் டர்பனில் நாம் அரைக்கைச் சட்டையோடு திரிவோம். அதே மாலை ஜோகனஸ்பர்க்கில் பூஜ்யத்தை நெருங்கும் குளிர். லட்சக்கணக்கான கீசரும் ஹீட்டரும் ஒன்றாக எரியும். மாலை 5 முதல் இரவு 9 வரை நாட்டின் தேவை 30,000 மெகாவாட்டைத் தாண்டும். கேப் பக்கமிருந்து குளிர் அலை ஒன்று கிளம்புகிறது என்று செய்தியில் கேட்டால், அது உங்கள் ஃப்ரீசருக்கான செய்தி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளமும் சூறாவளியும் உள்ளூர்க் கம்பியை அடிப்பவை. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்க முடியாது. 430 பேருக்கு மேல் இறந்தார்கள். துணைமின் நிலையங்கள் தண்ணீருக்குள் போயின. டொங்காட்டில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் நாசமாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. அதற்குச் சில வாரம் முன்புதான் வேலையை நிறுத்திவைத்திருந்த சாப்ரெஃப் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. நாட்டிலேயே பெரிய ஆலை அது. இதில் ஒரு வேடிக்கை: அடிபட்ட கட்டமைப்பை அணைத்து அணைத்துப் போட்டால் மொத்தமாகக் கெட்டுவிடும் என்று டர்பன் நகராட்சிக்கு மாதக்கணக்கில் லோட் ஷெடிங்கிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். நாடே இருட்டில் இருந்தபோது வெள்ளம் பார்த்த ஊரில் விளக்கு எரிந்தது.

அந்த மழையை ஆராய்ந்த வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் குழு, முன்பு 40 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்க அளவு மழை, புவி சூடானதால் இப்போது 20 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்கது ஆகிவிட்டது என்று கணக்கிட்டது. அப்பா காலத்து அனுபவத்தை வைத்துக் கடை கட்டினால் போதாது என்பதை எனக்கு உணர்த்தியது இந்த ஒரு கணக்குதான்.

படி 3: அந்த அடி எப்படி விலையாகிறது

வானிலை அடித்தால் விலை எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி ஏறாது. சந்தையின் அமைப்பைப் பொறுத்தது.

அமெரிக்காவின் டெக்சாஸை எடுத்துக்கொள்வோம். 2021 பிப்ரவரியில் அங்கே பனிப்புயல். எரிவாயுக் குழாய்கள் உறைந்தன, நிலையங்கள் நின்றன, எல்லா வீட்டிலும் ஹீட்டர். மொத்த விற்பனைச் சந்தையில் விலை உச்சவரம்பான 9,000 டாலரைத் தொட்டு நாட்கணக்கில் அங்கேயே நின்றது. அது ஒரு மெகாவாட்-மணிக்கான விலை. நம் கணக்கில் ஒரு யூனிட் 9 டாலர். சந்தை விலையை அப்படியே வாடிக்கையாளருக்குக் கடத்தும் திட்டத்தில் இருந்தவர்களுக்கு ஆயிரக்கணக்கான டாலரில் பில் வந்தது.

தென்னாப்பிரிக்காவில் நெர்சா என்ற ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தை முன்கூட்டியே நிர்ணயிக்கிறது. பற்றாக்குறை வந்த அன்றைக்கு உங்கள் யூனிட் விலை ஒரு சென்ட்கூட ஏறாது. அதற்குப் பதில் விளக்கு அணையும். ஸ்டேஜ் ஒன்றுக்கு ஆயிரம் மெகாவாட் என்று பங்கு போட்டு அணைப்பார்கள். டெக்சாஸ்காரர் பணமாகக் கொடுத்ததை நாம் இருட்டாகக் கொடுக்கிறோம். சரி, பணம் மிச்சமா என்றால், இல்லை. அது மூன்று வழியில், வெவ்வேறு வேகத்தில் வந்து சேரும்.

மெதுவான வழி, கட்டணம். இருட்டைத் தவிர்க்க எஸ்காம் எரித்த டீசலின் ஒரு பகுதியை, நெர்சா அனுமதித்தால், பின்னால் வரும் ஆண்டுகளின் கட்டணத்தில் வசூலிக்கலாம். 2023 ஏப்ரலில் 18.65 சதவீதமும் அடுத்த ஏப்ரலில் 12.74 சதவீதமும் எஸ்காம் கட்டணம் ஏறியது. இதெல்லாம் வானிலையால் மட்டும் வந்தது என்று சொன்னால் பொய். பழைய கடன், பராமரிப்புக் குறை, ஊழல் எல்லாம் அதில் உண்டு. எஸ்காமிடம் நேரடி இணைப்பு இருந்தால் ஏப்ரல் 1 முதல் ஏறும், நகராட்சி இணைப்பென்றால் ஜூலை 1 முதல்.

வேகமான வழி, பன்னாட்டுச் சந்தை. தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் மின்குழு என்ற கூட்டமைப்பு 1995 முதல் இருக்கிறது, தலைமையகம் ஹராரே. 2009 டிசம்பரிலிருந்து அதில் மறுநாள் சந்தை ஓடுகிறது: நாளைக்கு எந்த மணி நேரத்தில் எவ்வளவு வேண்டும், எவ்வளவு விற்கலாம் என்று இன்றைக்கே டாலரில் ஏலம். கரிபா வற்றினால் ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் இங்கே வாங்க வந்து நிற்கும். கையில் உபரி இருக்கும் ஆண்டில் எஸ்காமுக்கு அது வருமானம், இல்லாத ஆண்டில் போட்டி. நம்மைப் போன்ற சில்லறை ஆட்கள் அந்தச் சந்தையைத் தொடுவதில்லை. ஆனால் அதன் விலை, வட்டாரத்தின் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர்.

நடுவழி, எரிபொருள். மாதத்தின் முதல் புதன்கிழமை பெட்ரோல் விலை மாறும். உலக விலையும் ராண்ட்-டாலர் மாற்றும் சேர்ந்து தீர்மானிப்பது. டர்பனில் சுத்திகரிப்பு நின்றுபோன பிறகு சுத்திகரித்த எண்ணெயாகவே நிறைய இறக்குமதி ஆகிறது. அதனால் 2017இல் ஹார்வி புயல் அமெரிக்க வளைகுடாக் கரையின் ஆலைகளை மூடியதுபோல் ஒன்று நடந்தால், அந்தச் சூடு சில வாரத்தில் நம் பெட்ரோல் பங்க்குக்கும் வந்துவிடும். டீசலின் சில்லறை விலைக்கு மட்டும் அரசு நிர்ணயம் கிடையாது. பங்க்குக்குப் பங்க் விலை வேறுபடும். மொத்தமாக வாங்குகிறவர்கள் கூச்சப்படாமல் பேரம் பேசலாம்.

இந்த அமைப்பு மாறப்போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் மின்கடத்தல் தனி நிறுவனமாகச் செயல்படுகிறது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்சார ஒழுங்குமுறைத் திருத்தச் சட்டம், பலர் போட்டியிட்டு விற்கும் சந்தைக்கு வழி திறந்திருக்கிறது. அந்தச் சந்தை முழுதாக ஓடத் தொடங்கினால், பற்றாக்குறையில் கொஞ்சம் இருட்டிலிருந்து விலைக்கு இடம் மாறும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் எந்த விலை நிலையானது, எது சந்தையோடு ஏறி இறங்குவது என்று பார்க்கும் பழக்கத்தை இப்போதே வளர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஆண்டுக்கு ஒரு நாள்காட்டி

சமையலறையில் தொங்கும் தமிழ் நாள்காட்டியிலேயே இதை எழுதிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை தென்மேற்கு இந்தியப் பெருங்கடலின் புயல் காலம். ஜோகனஸ்பர்க், ம்புமலங்கா பக்கத்து உயர்மேட்டு நிலத்தில் மாலை இடிமழையும் அப்போதுதான். தைப்பூசக் காவடி எடுக்கும் நேரம் ஈர நிலக்கரியின் நேரம் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிக் கேட்ட மழை விட்பேங்கில் போய்ப் பெய்துவிடுகிறது என்று பக்கத்து வீட்டு ஆயா அலுத்துக்கொள்வார்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் கட்டணத்தின் உச்ச காலம். நேரத்துக்கேற்ற கட்டணத்தில் இருக்கும் வணிக இணைப்புகளுக்குக் காலை, மாலை உச்ச நேரத்து யூனிட் பல மடங்கு விலை. எந்தக் கட்டண வகையில் இருக்கிறோம் என்றே தெரியாத கடைக்காரர்கள் எத்தனையோ பேர். பில்லின் மேல் மூலையில் எழுதியிருக்கும்.

அதற்கு மேல், ஆண்டைத் தாண்டிய சுழற்சி ஒன்று. எல் நினோ என்றால் தெற்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் வறட்சி, அதற்கு நேர் எதிரான லா நினா என்றால் பெரும்பாலும் மழை. ஒன்று வடக்கே அணையை வற்றவைக்கும், மற்றது இங்கே கரியை நனைக்கும். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடிதான், இடம்தான் வேறு. முன்னதில் ஆறு மாத அவகாசம் கிடைக்கும். ஜாம்பேசியின் மேல்படுகையில் டிசம்பர் முதல் மார்ச் வரை பெய்வது கரிபாவுக்குள் முழுதாக வந்துசேர ஏப்ரல், மே, ஜூன் ஆகிவிடும். மார்ச்சிலேயே மழைக்குறைவு தெரிந்தால் ஆண்டுக் கடைசியில் சந்தை எப்படி இருக்கும் என்று ஊகிக்கலாம். ஈரக் கரிக்கு அவகாசம் நாலைந்து நாள்தான்.

படி 5: எதை, எப்போது பார்ப்பது

தினமும் ஒரு நிமிடம்: தென்னாப்பிரிக்க வானிலைச் சேவையின் எச்சரிக்கை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம், கூடவே பத்து வரை எண். உங்கள் ஊரோடு எமலாஹ்லேனியையும் லிம்போபோவின் லெபலாலேயையும் சேர்த்துப் பாருங்கள். மாடிம்பாவும் மெடுபியும் லெபலாலேவில்தான் இருக்கின்றன. வெட்டு நேரத்தைச் சொல்லும் எஸ்காம் சே புஷ் செயலி எல்லோர் போனிலும் இருக்கும். ஆனால் அது முடிவான பிறகு சொல்வது.

வாரம் ஒருமுறை எஸ்காமின் நிலை அறிக்கை. அதில் மூன்று எண் போதும்: திட்டமிடாத பழுதில் எத்தனை மெகாவாட், டீசல் டர்பைன்கள் எவ்வளவு ஓடின, நிலையங்களில் எத்தனை சதவீதம் ஓடும் நிலையில் இருக்கிறது. பழுது ஏறி, டீசலும் ஏறி, அதோடு மழை எச்சரிக்கையும் இருந்தால் பிரச்சினைக்கு எல்லாம் கூடிவந்துவிட்டது என்று பொருள்.

மாதம் ஒருமுறை ஜாம்பேசி நதி ஆணையம் வெளியிடும் கரிபா நீர்மட்டம். 475.5 மீட்டர்தான் மின்சாரம் எடுப்பதற்கான அடிமட்டம், 488.5 நிறைமட்டம். இடையிலுள்ள பதின்மூன்று மீட்டரில்தான் இரண்டு நாட்டின் பிழைப்பு நடக்கிறது.

படி 6: இருட்டுக்கு விலை போடுங்கள்

அண்ணாச்சி கடைக்கு நான் போட்ட கணக்கையே காட்டுகிறேன். விலைகள் கணக்கு எளிதாக இருக்க வட்டமாக வைத்தவை. உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

குளிர்பதன அறையும் ஃப்ரீசர்களும் சேர்ந்து சராசரி 8 கிலோவாட். நாளுக்கு 6 மணி நேரம் மின்சாரம் இல்லை என்றால் 48 யூனிட் ஜெனரேட்டரில் ஓடவேண்டும். முழுச்சுமையில் இல்லாத சிறு ஜெனரேட்டர் யூனிட்டுக்கு 0.4 லிட்டர் டீசல் குடிக்கும் என்று வைத்தால் 19.2 லிட்டர். லிட்டர் 20 ராண்ட் என்றால் 384 ராண்ட். அதே 48 யூனிட் நகராட்சி மின்சாரத்தில் 2.50 வீதம் 120 ராண்ட். வித்தியாசம் 264. மாதத்தில் இருபது நாள் இப்படிப் போனால் 5,280 ராண்ட்.

இதைப் பார்த்ததும் அண்ணாச்சி சொன்னது: "அப்போ தினம் ரெண்டு மீனு அடுப்புல போட்ட மாதிரி." அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

இந்த 264 தான் உங்கள் இருட்டின் நாள்விலை. ஒரு மோசமான ஆண்டில் எத்தனை நாள், நல்ல ஆண்டில் எத்தனை நாள் என்று பெருக்கிப் பாருங்கள். 2023இல் ஆண்டின் பெரும்பகுதி நாட்களில் ஏதாவது ஒரு ஸ்டேஜ் இருந்தது. 2024 மார்ச் கடைசியிலிருந்து பத்து மாதம் தொடர்ந்து ஒன்றுமே இல்லை. 2023ஐ மட்டும் வைத்துக் கணக்குப் போட்டவர் கடன் வாங்கிப் பெரிய பேட்டரி போட்டார். அடுத்த ஆண்டை மட்டும் வைத்துப் போட்டவர் ஜெனரேட்டரை விற்றுவிட்டார். இருவரையும் எனக்குத் தெரியும், இருவருமே இப்போது பேசும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்துகிறார்கள்.

படி 7: காப்பு ஏற்பாடுகள்

சூரியத் தகட்டில் டர்பன்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். இங்கே கோடைதான் மேகமூட்டம். ஜூன், ஜூலை வானம் பெரும்பாலும் தெளிவு. கட்டணம் உச்சத்தில் இருக்கும் மாதங்களில் வெயிலும் நன்றாகக் கிடைக்கிறது. ஊரிலிருந்து வந்த உறவினர் யோசனை சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் தகட்டை வடக்குப் பார்த்து வையுங்கள். தெற்கு பார்ப்பது தமிழ்நாட்டுக்கு. ஜோகனஸ்பர்க் பக்கம் இருப்பவர்களுக்கு ஆலங்கட்டி பயம் உண்டு. பொதுவான தகடுகள் 25 மில்லிமீட்டர் ஆலங்கட்டிக்குச் சோதிக்கப்பட்டவை. அங்கே அதைவிடப் பெரிதாகவும் விழும். காப்பீட்டுப் பத்திரத்தில் தகடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

காப்பீடு என்றதும் இன்னொன்று. நாட்டின் மின்கட்டமைப்பே மொத்தமாக விழுந்தால் வரும் இழப்பைப் பல காப்பீட்டு நிறுவனங்கள் 2023 வாக்கில் பத்திரத்திலிருந்து விலக்கிவிட்டன. புயல், வெள்ளச் சேதம் சேர்ந்திருக்கலாம். மின்சாரம் இல்லாமல் கெட்ட சரக்கு சேராமல் இருக்கலாம். அந்த ஒரு பத்தியைத் தேடிப் படியுங்கள்.

டீசல் சேமிப்பில் நானே சூடுபட்டவன். ஒரு புயல் எச்சரிக்கையில் பயந்து மூன்று டிரம் வாங்கி வைத்தேன். புயல் வரவில்லை. ஒன்றரை வருடம் கழித்து ஜெனரேட்டரைத் தட்டினால் இருமி நின்றது. டர்பன் ஈரக்காற்றில் டிரம்முக்குள் நீர் கோத்து, பாசி மாதிரி கறுப்பாக வழுவழுப்பு. வடிகட்டி மாற்றிய செலவில் இன்னொரு டிரம் வாங்கியிருக்கலாம். ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தும் அளவுக்கு மட்டும் வையுங்கள், மூடியை இறுக்கி, நிழலில். உரிமமில்லாமல் எத்தனை லிட்டர் வரை வைக்கலாம் என்று நகராட்சித் தீயணைப்புத் துறையிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

குளிர்பதன அறைக்குப் பேட்டரியைவிட மலிவான வழி, குளிரைச் சேமிப்பது. எச்சரிக்கை வந்த அன்றே வெப்பநிலையை இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இறக்கி, காலி இடத்தில் உப்புநீர்ப் பைகளை உறையவைத்து அடுக்கிவிட்டால், கதவைத் திறக்காதவரை இரண்டு மணி நேர வெட்டைத் தாங்கும். இதற்குச் செலவு என்று பார்த்தால் பை விலைதான்.

பெரிய நிறுவனங்களுக்கு வானிலையையே வாங்கி விற்கும் ஒப்பந்தங்கள் உண்டு. சிகாகோ சந்தையில் 1999 முதல் நடக்கிறது. நாளின் சராசரி வெப்பம் 18 டிகிரியிலிருந்து எவ்வளவு கீழே போகிறதோ அதைக் கூட்டிக்கொண்டே போய், குறிப்பிட்ட எண்ணைத் தாண்டினால் பணம். பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய ஊர்களுக்கான சரக்கு அது; நம் கடைக்கு உதவாது. ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலை என்றால் வேறொன்றைக் கவனியுங்கள். 2019 ஜூனில் டன்னுக்கு 120 ராண்டில் தொடங்கிய கார்பன் வரி ஆண்டுதோறும் ஏறுகிறது. ஐரோப்பாவும் 2026 முதல் இரும்பு, அலுமினியம் போன்றவற்றுக்கு எல்லையில் கார்பன் கட்டணம் கேட்கிறது. நிலக்கரி மின்சாரத்தில் செய்த பொருளுக்கு இது தனிச் சுமை.

கடைசியாக, எச்சரிக்கை வந்தால் யார் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அண்ணாச்சி கடையில் அது நாலே வரி: எமலாஹ்லேனியில் மூன்று நாள் மழை என்றால் புதுச் சரக்குப் பாதி; மொசாம்பிக்கில் புயல் என்றால் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்; ஜோகனஸ்பர்க்கில் குளிர் அலை என்றால் மாலை 5க்கு முன் அறையைக் குளிரவை; எதுவானாலும் தம்பிக்குப் போன் போடு. நாலாவது வரியை அழிக்கச் சொல்லிவிட்டேன். அழிக்கவில்லை. அவர் போனில் வானிலைப் பக்கத்தைத் திறந்தால் இப்போது முதலில் வருவது டர்பன் கிடையாது, எமலாஹ்லேனி. போன வாரம்கூடக் காலை ஆறு மணிக்கு அழைத்து, "தம்பி, விட்பேங்குல தூறுதாம்" என்றார்.